கொக்கி வைக்காத நாவல்

புத்தகத்தைப் படித்துவிட்டு மதிப்புரை எழுதுகிறவனைக் கற்றுக்குட்டி என்று சொல்லும் வழக்கம் எங்கள் பாறசாலையில் ஒரு காலத்தில் இருந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தது தென்னெல்லைத் தமிழ் நூலாய்வுக் கழகம். ஜங்ஷனில் கொப்பரைக் கடைக்கு மேலே கழகத்தின் அறை. எதிரே வாடகை சைக்கிள் கடை என்னுடையது. ஆகவே கழகத்தின் பெருமைகளைக் கண்ணாலும் காதாலும் அனுபவிக்கும் தண்டனை எனக்குத் தினமும் கிடைத்தது.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருஷங்கள் அவை. மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தமிழ்க் கிராமங்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று ஒரு கூட்டம் கொடி பிடித்துப் போகும். சேரவே கூடாது என்று இன்னொரு கூட்டம் எதிரே வரும். இரண்டு கூட்டத்துக்கும் போலீஸ்காரன் ஒரே தடியால் பதில் சொல்வான். மீன்காரி ரெபேக்காளின் புருஷன் அப்படி ஒரு ஊர்வலத்தில் போய் மண்டை உடைந்து, கட்டோடு ஜெயிலில் கிடந்தான். கழகத்தார் மட்டும் மேலே ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். ஆய்வாளர்கள் வெயிலில் நின்றால் நடுநிலை உருகிவிடும் என்பது அவர்கள் கொள்கை.

கழகத்துக்கு மூன்று தூண்கள். தலைவர் சதாசிவன், கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. 'நூலாய்வுச் செம்மல்' என்ற பட்டத்தைக் கழகம் அவருக்குக் கொடுத்தது. கொடுக்கவேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. செயலாளர் பொன்னப்பன், எதைச் சொன்னாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்பார், கேட்டிருக்கமாட்டார். தலைமை மதிப்புரையாளர் ராஜன். "எந்தப் புத்தகத்தின் கறையும் இதுவரை என் கருத்தின்மேல் பட்டதில்லை" என்று இவர் மேடையிலேயே மார்தட்டுவார். கைதட்டுவார்கள்.

மதிப்புரைக்கு வரும் நூல்களை வாங்க முறை உண்டு. செய்யுள் நூல் என்றால் வெற்றிலைத் தட்டில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கட்டுரை என்றால் வலது கை. நாவல் என்றால் இடது கை. துப்பறியும் நாவலைக் கையாலேயே தொடமாட்டார்கள். கொண்டுவந்தவனே தரையில் வைத்துவிட்டு விலகி நிற்கவேண்டும். ராஜன் குடைக்கம்பியால் அட்டையைத் தூக்கிப் பார்த்து, "கொலை" என்பார். பொன்னப்பன் குறித்துக்கொள்வார். அத்தோடு ஆய்வு முடிந்தது.

இன்னும் இரண்டு விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கழகத்தின் மதிப்புரை வெளிவந்தபின் அதை யாரும் திருத்தக்கூடாது, மறுக்கக்கூடாது. புத்தகம் மதிப்புரைக்கு மாறாக இருந்தால் தப்பு புத்தகத்தின்மேல். இன்னொன்று, கழகம் அச்சிடும் எந்த நூலிலும் தலைவரின் முழுப்பக்கப் படம் முன்னால் இருக்கவேண்டும். நாற்காலியில் சாய்ந்து, தோளில் பாலராமபுரத்துச் சரிகைத் துண்டான நேரியதோடு, கண்ணை உருட்டி எதிரே பார்த்துக்கொண்டிருக்கும் படம். அடியில், 'இவரின்றி இந்நூல் இல்லை.' அதுவரை கழகம் அச்சிட்ட நூல்கள் எல்லாமே அவருடைய சொற்பொழிவுகள்தான் என்பதால் அந்த வாசகத்தில் பொய் எதுவும் இல்லை.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி புஷ்பபாயின் தையல் கடை. ஜம்பர் என்று நாங்கள் சொல்லும் ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டை என்று தைப்பாள். தைக்காத நேரத்தில் கொலைக் கதை எழுதுவாள். அளவு கொடுக்க வரும் பெண்கள் ஜம்பர் ஆகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, மிஷினை மிதித்துக்கொண்டே புதிதாக எழுதிய அதிகாரத்தைச் சொல்வாள். பிணம் வரும் இடத்தில் மிஷினை நிறுத்திவிடுவாள். என் பெண்டாட்டி ஓமனா இதற்காகவே நல்ல ஜம்பரின் தையலைப் பிரித்துக்கொண்டு போன நாட்கள் உண்டு.

அந்த வருஷம் அவள் எழுதியது 'அம்பூரி பங்களா மர்மம்'. ரப்பர் தோட்டத்து மானேஜர் ஒருவர், அடைமழை பெய்த ஒருநாள், ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் அறைக்குள் செத்துக் கிடக்கிறார். சூப்பர்வைசர், அவன் தம்பி, டிஸ்பென்சரி கம்பவுண்டர், மானேஜரின் மனைவி என்று நாலு பேர்மேலும் சந்தேகம். பிரசவம் பார்க்கப் போன நர்ஸ் குமாரி துப்பறிகிறாள். ஊரில் பெண்கள் தண்ணீர்க் கிணற்றடியில் கட்சி கட்டிக்கொண்டார்கள். ஓமனா கம்பவுண்டர் கட்சி. ரெபேக்காள் மனைவி கட்சி. கடைசி அதிகாரத்தை மட்டும் புஷ்பபாய் சொல்லவில்லை. "புக்கு அச்சாகட்டு. மொதல்ல உங்களுக்குத்தான் வாசிப்பேன்" என்று சத்தியம் செய்திருந்தாள்.

அச்சு என்றால் அவளுக்குப் பயம். அதற்குக் காரணம் உண்டு. முந்தைய கதையைச் சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்பியிருந்தாள். காகிதம் விலையேறிவிட்டது என்று அவர்கள் கேட்ட பணத்தை அனுப்பினாள். கதையையும் கேட்டார்கள், முழுசாக அனுப்பினாள். பிறகு கடிதம் இல்லை. ஒருநாள் நாகர்கோயில் பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடையில் அவள் கதை வேறொருவன் பேரில் தொங்கிக்கொண்டிருந்தது. செத்தவன் பெயரை மட்டும் மாற்றியிருந்தான். காசு கொடுத்து வாங்கி, பஸ்ஸிலேயே வாசித்து அழுதுகொண்டு வந்தாள்.

புதிய கதையைக் கழகத்திலாவது காட்டுவோம் என்று ஒருமுறை மரப்படி ஏறினாள். குடைக்கம்பி அவளுக்கும் கிடைத்தது. மறுவாரம் கழக ஏட்டில் ராஜனின் மதிப்புரை: 'தமிழர் கொலை செய்வதில்லை. செய்தாலும் நாவல் எழுதும் அளவுக்குச் செய்வதில்லை. இது குப்பை.'

இப்படி இருக்கும்போதுதான் டில்லியிலிருந்து எல்லைக் கமிஷன் வரப்போகிறது என்று செய்தி வந்தது. நெய்யாற்றின்கரையில் மலையாளக்காரர்களுக்கும் இதேபோல ஒரு சபை உண்டு. அதன் லட்சணமும் இதேதான். அவர்கள் இந்தத் தாலுகாக்காரர்கள் எழுதிய மலையாளப் புத்தகங்களை ஒரு மேசை நிறைய அடுக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் கழகம் ஆடிப்போயிற்று. தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே உண்டு என்று காட்ட இவர்களிடம் இருந்தது சதாசிவனின் சொற்பொழிவுகள் மட்டும். அவற்றைக் காட்டினால் கமிஷன் தாலுகாவை வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும் என்று பொன்னப்பனே பயந்தாராம்.

மூன்று தூண்களும் தையல் கடைக்கு நடந்து வந்தன. வெயில். அன்று யாருடைய நடுநிலையும் உருகவில்லை.

"அம்மா, உங்கள் படைப்பைக் கழகம் வெளியிடத் திருவுளம் கொண்டிருக்கிறது" என்றார் பொன்னப்பன்.

"எதை?"

"ஏதோ ஒரு கொலை எழுதியிருக்கிறீர்களாமே."

"நான் மேல கொண்டுவந்து வச்சப்பம் குடைக்கம்பியால தள்ளினீங்களே சாரே, அதே கொலையாக்கும்."

"அன்றைக்கு அது குப்பை" என்றார் ராஜன். "இன்றைக்கு அது சான்று."

சதாசிவன் கடைக்குள் தொங்கிய பாவாடைகளைப் பார்க்காமல் பேசினார். "ஒரு சிறு திருத்தம். பாய் என்பது நம் சொல்லன்று. நூலாசிரியர் பெயரைப் பூமங்கை என்று போடுவோம்."

"அது எனக்க அம்மை வச்ச பேரு. பூமங்கைன்னு விளிச்சா நானே திரும்பிப் பாக்க மாட்டேன்."

நாள் குறைவாக இருந்ததால் தலைவர் விட்டுக்கொடுத்தார். அதற்கே நாங்கள் நன்றி சொல்லவேண்டும் என்பதுபோல என்னையும் ஒருமுறை பார்த்தார்.

புஷ்பபாய் காகிதக் கட்டை எடுத்தாள். கொடுப்பதற்குமுன் கையிலேயே பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சாரே, எனக்க கடையில ஒரு முறை உண்டு. ஜம்பரை முழுக்கத் தைப்பேன். கொக்கி மட்டும் வைக்க மாட்டேன். ஆளு வந்து போட்டுப் பாத்து, கூலி தந்த பெறவுதான் கொக்கி. கொக்கி இல்லாத ஜம்பரை எவளும் தூக்கிட்டுப் போகமாட்டா, பாத்தீங்களா. கதைக்கும் அதாக்கும் முறை. கடைசி அதிகாரம் இதுல இல்ல. கொலைகாரன் யாருன்னு அதுலதான் வரும். எனக்க பேரு போட்ட மொதல் பக்கத்தை அச்சில கொண்டுவந்து காட்டுங்க. அப்பம் தாறேன்."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார் பொன்னப்பன். கட்டு அவர் அக்குளுக்குப் போயிற்று.

அடுத்த கூட்டத்தில் எழுந்த பெரிய பிரச்சினை தலைவரின் படம். வாசல் திறந்திருந்ததால் நானும் கேட்டேன். "ஒரு கொலைக்கு முன்னால் என் முகம் வருவதா?" என்றார் சதாசிவன். "இலக்கியத்துக்காக எதையும் தாங்குவேன், இதைத் தாங்கமாட்டேன். அதற்காகப் படமே இல்லாமல் நூல் வருவதும் வாசகருக்கு இழைக்கும் துரோகம். ஆகவே பின்னால் போடுங்கள். கொலையெல்லாம் முடிந்தபிறகு, கடைசிப் பக்கத்தில், மக்கள் என்னைப் பார்த்து ஆறுதல் அடையட்டும்." தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

புஷ்பபாய் காத்திருந்தாள். முதல் பக்கத்தைக் காட்ட யாரும் வரவில்லை. கடைசி அதிகாரத்தைக் கேட்டும் வரவில்லை. துணித் துண்டில் சுற்றி மிஷின் பெட்டிக்குள் வைத்திருந்தாள். பொறுக்காமல் ஒருநாள் மரப்படி ஏறிப் போனவளைப் பொன்னப்பன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "நூலாசிரியர்கள் கழகத்துக்குள் வரலாகாது அம்மா. ஆய்வாளர் மனம் சாய்ந்துவிடும்." இறங்கி வந்து என்னிடம், "குட்டப்பண்ணே, அவிய கடைசி அதிகாரத்தைக் கேக்கவே இல்லியே" என்றாள். கேட்பார்கள், கேட்காமல் எப்படி அச்சடிப்பார்கள் என்று நானும் ஒரு முட்டாள் சமாதானம் சொன்னேன்.

அச்சுக்கோக்கிறவன் கையில் இருந்ததைக் கோத்திருக்கிறான். முடிவில் 'முற்றும்' இல்லையே என்று அவனுக்கே சந்தேகம் வந்து கழகத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டானாம். "முற்றும் போடுவது பழைய பாணி" என்று ராஜன் பதில் சொல்லி அனுப்பினாராம். சும்மா சொல்லக்கூடாது, அவர் அந்தச் சமயம் வேலையாகத்தான் இருந்தார். அச்சாகாத புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியீட்டு விழா பள்ளிக்கூடத் திடலில். ஊரே வந்திருந்தது. கழகத்துக்காக அல்ல, கடைசி அதிகாரத்துக்காக. ஜம்பர் தைக்கக் கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் முன்வரிசையில். புஷ்பபாய் துணிச்சுற்றை மடியில் வைத்துக்கொண்டு மேடையின் ஓரத்தில் இருந்தாள். எப்போதாவது வந்து கேட்பார்கள் என்று அப்போதும் நம்பினாள், பாவம்.

முதலில் பொன்னப்பன். "இந்நூலில் கொலையே இல்லை. செத்துக் கிடக்கும் மானேஜர் நம் தமிழினம். புகை நிறைந்த அறை இன்றைய அரசியல். இறுதியில் மானேஜர் எழுந்து நடக்கும் காட்சியில் நான் அழுதுவிட்டேன்" என்றார். முன்வரிசை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

பிறகு சதாசிவன். "கொலைகாரன் எல்லைக்கு அந்தப்புறத்துச் சூப்பர்வைசர்தான் என்பதை ஆசிரியை ஐயந்திரிபற நிறுவுகிறார். இதைவிட வலுவான சான்று கமிஷனுக்கு வேறென்ன வேண்டும்?" சூப்பர்வைசருக்கு வாயும் வயிறுமான பெண்டாட்டி உண்டு, குமாரி போனதே அவளுக்குப் பிரசவம் பார்க்க. அவன் கொலைகாரன் என்று முன்வரிசையில் எந்தக் கட்சியும் சொன்னதில்லை.

ரெபேக்காள் பொறுக்காமல் எழுந்தாள். "எடி புஷ்பம், எங்களுக்கு மொதல்ல வாசிப்பேன்னு சத்தியம் பண்ணினியே. இவனுவளுக்குச் சொல்லிட்டியா? எனக்க மாப்பிளை ஜெயிலிலேர்ந்து ஆள்கிட்டச் சொல்லிவிட்டுக் கேக்கான், முடிவு என்னாச்சுன்னு. அவனுக்கு நான் என்ன சொல்ல?"

"நான் யாருக்கும் சொல்லல்ல ரெபேக்கா! கர்த்தராணை சொல்லல்ல!"

"பின்ன அவருக்கு எப்பிடித் தெரியும்? படிச்சிருக்காருல்லா?"

கழகத்தார் படித்திருப்பார்கள் என்று நம்பும் அளவுக்கு எங்களூர்ப் பெண்கள் நல்லவர்களாக இருந்தார்கள். சென்னைக் கம்பெனிக்காரன் கதையைத்தான் திருடினான். இவர்கள் கேட்க இருந்த காதுகளைத் திருடிவிட்டார்கள் என்று புஷ்பபாய்க்குத் தோன்றியிருக்கவேண்டும். மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஐயா, கடைசி அதிகாரம் எனக்க மடியில இருக்கு. நீங்க அதை வாங்கவே இல்ல" என்றாள்.

சதாசிவன் புன்னகையோடு கூட்டத்தைப் பார்த்தார். "நூலாசிரியருக்கு நூலின் முடிவு தெரிந்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்குத்தான் ஆய்வாளர்கள் இருக்கிறோம். உட்காரம்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த சைக்கிள் பம்ப்பை எறிந்திருப்பேன். ஓமனா பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக ராஜன் மதிப்புரையை வாசித்தார். அது ஏற்கெனவே கழக ஏட்டிலும் புத்தகத்தின் பின்னட்டையிலும் அச்சாகிவிட்டது. குரலை ஏற்றி, ஒரு கையை நீட்டி வாசித்தார்: "இந்நூலின் சிகரம் அதன் இறுதிப் பக்கமே. அங்கே ஆசிரியை கொலைகாரனின் முகத்தை அப்படியே நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்த உருட்டும் விழிகளையும் அந்த வஞ்சகப் புன்னகையையும் ஒருமுறை கண்டவர் மறக்கமுடியாது. என் உடல் இன்னும் நடுங்குகிறது."

நன்றியுரைக்கு முன்பே புத்தகங்களைக் கூட்டத்தில் கொடுத்தார்கள். ஓமனா நேரே கடைசிக்குப் போனாள். நானும் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். வலது பக்கத்தின் அடியில் இருந்தது இது:

'கதவு திறந்தது. உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்தவரைக் கண்டதும் குமாரிக்கு மூச்சு நின்றது. "கடைசியில் நீங்களா?" என்றாள்.'

ஓமனா பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கத்தில், நாற்காலியில் சாய்ந்து, நேரியதைப் போர்த்திக்கொண்டு, கண்ணை உருட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார் நூலாய்வுச் செம்மல் சதாசிவன். அடியில், 'இவரின்றி இந்நூல் இல்லை.'

"எனக்க அம்மோ!" என்றாள் ஓமனா.

முன்வரிசை முழுக்கப் பக்கம் புரளும் சத்தம். பிறகு எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்து, மேடையில் நாற்காலியில் சாய்ந்திருந்தவரைப் பார்த்தன. அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு கைகூப்பினார். ரெபேக்காள்தான் முதலில் சிரித்தாள். "கொக்கி வைக்காத ஜம்பரைப் போட்டுக்கிட்டு மேடை ஏறிட்டானுவளேடி!" என்று கத்தினாள். புஷ்பபாய்மேல் அவளுக்கு இருந்த கோபமெல்லாம் அந்தச் சிரிப்போடு போயிற்று. அப்புறம் திடலில் யாருக்கும் நன்றியுரை கேட்கவில்லை.

கழகத்தின் வெளியீடு ஒன்று விற்றுத் தீர்ந்தது அதுவே முதல்முறை. காஞ்சிரங்குளத்திலிருந்தும் அம்பூரியிலிருந்தும் வந்து வாங்கிப் போனார்கள். நெய்யாற்றின்கரைச் சபைக்காரர்களே ஆள்விட்டு வாங்கினார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் படம் புரிந்தது. சதாசிவன் பஸ் ஏறினால் அவர் சீட்டில் யாரும் உட்காருவதில்லை. கண்டக்டர் டிக்கெட்டை எட்ட நின்று நீட்டினான். கோர்ட் வாசலில் கட்சிக்காரன் ஒருவன், "இவரு கேஸு எப்பம் வருது?" என்று வக்கீலிடமே கேட்டுவிட்டான்.

கழகம் விசாரணைக்குப் புஷ்பபாயை அழைத்தது. துணைக்கு என்னையும் ஓமனாவையும் கூட்டிக்கொண்டு போனாள். விசாரணை என்பதால் நூலாசிரியர் உள்ளே வரலாமாம்.

"முழு நூலையும் ஒப்படைக்காமல் ஒரு பதிப்பகத்தையே மோசடி செய்திருக்கிறாய்" என்றார் பொன்னப்பன்.

"அன்னைக்கே சொன்னேனே சாரே. ஆகட்டும், ஆகட்டும்னீங்களே."

"ஆகட்டும் என்பது என் மூச்சு. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது உன் சூழ்ச்சி."

ராஜன் இருவரையும் கையமர்த்தினார். "மோசடி நடக்கவில்லை. நூலில் இறுதி அதிகாரம் உண்டு. என் மதிப்புரை அதைப் புகழ்ந்திருக்கிறது. கழகத்தின் மதிப்புரை தவறாது. இல்லாத ஒன்றை நான் எப்படிப் புகழ்ந்திருக்கமுடியும்?"

"அப்படியானால்," என்று தயங்கினார் பொன்னப்பன், "கடைசிப் பக்கத்தில் கொலைகாரனின் முகம் இருக்கிறது என்பதும்..."

"தவறாது."

இருவரும் தலைவர் பக்கம் திரும்பினார்கள்.

"எந்தா?" என்றார் சதாசிவன். பதற்றத்தில் அவருக்கு மலையாளம்தான் வந்தது.

"கேள்வி தனிப்பட்ட முறையில் அல்ல, ஆய்வு நோக்கில்தான்" என்றார் ராஜன். "சம்பவம் நடந்த மழைநாளில் தலைவர் அவர்கள் எங்கே இருந்தார்கள்?"

நான் சிரிக்கப்போகிறேன் என்று ஓமனா என் கையைக் கிள்ளினாள். சதாசிவனோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "மழைநாள் என்றால்... காஞ்சிரங்குளத்தில் சொற்பொழிவு."

"சாட்சி?"

"நான் பேசத் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்."

பொன்னப்பன் குறித்துக்கொண்டார். கொலையைத் தலைவர் செய்தாரா, செய்தவர் தலைவராக நீடிக்கலாமா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்துக் கூட்டம் கலைந்தது. எங்களைப் போகச் சொல்லக்கூட யாருக்கும் நினைவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சதாசிவன் தனியாகத் தையல் கடைக்கு வந்தார். நேரியது இல்லை. நான் புஷ்பபாயின் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். என்னை அவர் ஒரு ஆளாக எண்ணாததால் அப்படியே பேசினார்.

"மக்கா, அந்தக் கடைசி அதிகாரத்தை இஞ்ச தா. ரெண்டாம் பதிப்பு போடுவோம். உனக்க பேரு அட்டையில பெரிசா வரும்."

"சென்னைக்காரனும் இதையே எழுதினான் சாரே."

"அவன் கள்ளன். இது கழகம்." அவர் குரல் இறங்கியது. "எனக்க சொந்தப் பேரப்பிள்ள மடியில வந்து இருக்கமாட்டேங்குது. கொலைகாரன் யாருன்னாவது ஊருக்குச் சொல்லு."

புஷ்பபாய் பெட்டியைத் திறந்து துணிச்சுற்றை எடுத்து மிஷின்மேல் வைத்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. "காசு வேண்டாம். பேரும் பெரிசா வரவேண்டாம். அதே திடலில, அதே மேடையில ஏறி ஒரே வார்த்தை சொல்லுங்க. 'இந்தப் புக்கை நாங்க யாரும் படிக்கல்ல'ன்னு சொல்லுங்க. சொல்லி எறங்கினதும் இதை உங்க கையிலே தாறேன். நீங்களே ஊருக்கு வாசிங்க."

சதாசிவன் துணிச்சுற்றைப் பார்த்தார். கை அதுவரைக்கும் வந்தது. நான் எண்ணெய்க் குப்பியைப் பிடித்தபடி நின்றேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. மேடைத் தமிழ் திரும்பி வந்தது.

"படிக்கவில்லை என்று சொன்னால் இத்தனை வருஷத்து மதிப்புரை அத்தனையும் என்னாவது? கழகம் என்னாவது? ஒரு மனிதன் கொலைகாரன் என்று பெயரெடுத்து வாழ்ந்துவிடலாம் அம்மா. பலர் வாழ்கிறார்கள்."

அப்படியே நடந்து போனார். ஜங்ஷனில் ஒரு பெண் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அவர் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

கொஞ்ச நாளில் கமிஷன் வந்தது, போனது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். எல்லை எங்களுக்குத் தெற்கே போய் நின்றுகொண்டது. ரெபேக்காளின் புருஷன் மண்டைத் தழும்போடு ஜெயிலிலிருந்து வந்தான். மூன்று தூண்களும் எல்லை தாண்டித் தமிழ்ப் பக்கம் குடிபோயின. அங்கே தலைவருக்கு 'தியாகச் செம்மல்' என்று புதிதாக ஒரு பட்டம் கொடுத்ததாகக் கேள்வி. எதைத் தியாகம் செய்தார் என்று எனக்குத் தெரியும், கொடுத்தவர்களுக்குத் தெரியாது.

கடைசி அதிகாரத்தைப் புஷ்பபாய் வாசித்தாள். சதாசிவன் வந்துபோன அன்றைக்கே வாசித்தாள். ஜம்பர் கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் கடைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆண்களுக்கு இடம் இல்லை என்று சொல்லி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கேட்காத ஆளுக்குச் சொல்லமாட்டோம் என்று உள்ளே ஒரு சத்தியமும் செய்துகொண்டார்களாம். என் கடையில் இருந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தேன். அவள் குரல் மட்டும் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. பிறகு உள்ளே ஒரு பெரிய 'அய்யோ'. கதவு திறந்தபோது ரெபேக்காள் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். புஷ்பபாய் கண் சிவந்து, சிரித்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஓமனாவிடம் கேட்டேன். "கம்பவுண்டர்தானே?"

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

"எனக்கு மட்டும் சொல்லு. கொன்னது யாரு?"

"உங்களுக்கு வாசிக்கத் தெரியும்லா?" என்றாள் என் பெண்டாட்டி. "புக்கை எடுத்துப் பாருங்க. கடைசிப் பக்கத்துல படம் உண்டு."